"சூழல் சரியில்லை" என்றால் என்ன?

கொட்டிவாக்கத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு அக்கா, போன வருடம் கோர்ட் தாளோடு எங்களிடம் வந்தார். அவர் ஆதிதிராவிடர். கணவர் ஆதிக்க சாதி. காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள், பையனுக்கு நான்கு வயதாக இருக்கும்போது பிரிந்துவிட்டார்கள். பையனுக்கு இப்போது எட்டு வயது. தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அப்பா மனு போட்டிருந்தார்.

ஆங்கிலத்தில் இருந்த மனுவை நாங்கள் வாசித்துச் சொன்னோம். "குழந்தை வளரும் சூழல் சரியில்லை" என்று ஒரு வரி.

"எங்க வீட்டுல என்னம்மா சரியில்ல?" என்று கேட்டார். பதில் எங்களுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த மனுவில் சாதிப் பெயர் எங்கேயும் இல்லை. தெருவின் பெயர் இருந்தது. ஒற்றை அறை வீடு இருந்தது. "பழகும் ஆட்கள்" இருந்தார்கள். படித்தவர்கள் சாதியை இப்படித்தான் எழுதுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், 17-ஆவது பிரிவில், குழந்தையின் நலனைப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது: வயது, பால், மதம், பொறுப்பேற்பவரின் குணம், தகுதி, உறவு நெருக்கம். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம். சாதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2008-இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையின் உடல்நலம், கல்வி ஆகியவற்றோடு சாதகமான சூழலையும் பார்க்கச் சொன்னது. நல்ல நோக்கத்தில் சொன்னதுதான். சேரி என்றாலே கெட்ட சூழல் என்று நம்பும் சமூகத்தில், அந்தச் சொல் வழியாகத்தான் சாதி கோர்ட்டுக்குள் நுழைகிறது.

இன்னொரு சிக்கல் சாதிச் சான்றிதழ். அப்பாவின் சாதிதான் பிள்ளைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பட்டியல் சாதித் தாயிடம் வளர்ந்து, அந்தச் சமூகத்தின் இழிவையும் இழப்பையும் சுமந்த பிள்ளை அதை நிரூபிக்கலாம் என்று 2012-இல் ரமேஷ்பாய் தபாய் நாய்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது இட ஒதுக்கீட்டு உரிமையையும் தொடுகிறது.

எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். அப்பாவைப் பையன் பார்க்கவே கூடாது என்று கோபத்தில் நினைத்தோம். இடைக்கால உத்தரவுப்படி, மாதம் இரண்டு சனிக்கிழமை, உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றக் குழந்தைகள் மையத்தில் சந்திப்பு. முதல் நாள் திருவான்மியூரில் பஸ் ஏறி அக்காவோடு நாங்களும் போனோம். அப்பாவைப் பார்த்ததும் பையன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை என்று 2020-இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வகுப்புகளில் நாங்களே பேசியிருக்கிறோம். அன்றைக்குத்தான் அது புரிந்தது. எங்கள் சண்டை அப்பாவோடு அல்ல, அந்த ஒரு வரியோடு.

அதற்குப் பதில் தயாரித்தோம். பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை, தினமும் மாலை பையனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் வாக்குமூலம். அந்த ஒற்றை அறையில் ஒரு பிள்ளை எப்படி வளர்கிறான் என்பதற்கு அவை சாட்சி.

தோழர்களே, களத்தில் இப்படி ஒருவர் வந்தால் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மனுவில் "சூழல்" என்ற சொல் வந்தால், அதில் என்ன குறை என்று ஒவ்வொன்றாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத வைத்தால்தான் அது வறுமையா, சாதியா என்று நீதிபதிக்கும் தெரியும்.

வழக்கு நடக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் அக்காவோடு போகிறோம்.