உட்வர்ட் சாலையில் மல்லர் வண்டிகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிச்சிகன் மாநிலத்தில் டிட்ராயிட் என்னும் நகரம் உள்ளது. மோட்டார் நகரம் என்பது அதற்கு வழங்கும் மறுபெயர். அந்நகரத்தின் ஆற்றங்கரைப் பக்கத்தில் தொடங்கி, வடமேற்கு நோக்கி ஏறத்தாழ 27 மைல் ஓடி, பான்டியாக் என்னும் ஊரைச் சென்று சேர்வது உட்வர்ட் சாலை. இதனினும் நீண்ட சாலைகள் உலகில் பல. அழகிய சாலைகளும் பல. ஆயினும் மோட்டார் வண்டியின் வரலாற்றை ஒரே சாலையில் காண விரும்புவோர் இங்கேதான் வர வேண்டும்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இருபது நாள் இச்சாலையின் அருகே தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் தமக்கையார் குடும்பம் டிராய் என்னும் புறநகரில் வாழ்கிறது. அத்தான் மோட்டார்த் தொழிலில் பொறியாளர். அவரைப் போல அத்தொழிலை நம்பி அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. நாகபுரியில் ரயில்வே எழுத்தராகப் பணி செய்யும் நான், சேர்த்து வைத்த விடுப்பையும் இலாகாவின் அனுமதியையும் பெற்றுப் புறப்பட்டேன். பயணச் செலவு அத்தானுடையது.

புறப்படுமுன் அக்காள் தொலைபேசியில் ஒரு வேலையும் இட்டாள். “தம்பி, உன் மருமகன் 700 குதிரைத்திறன் உள்ள வண்டி வாங்குவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் பேச்சு எடுபடவில்லை. தாய்மாமன் நீ வந்து, பார்த்து, ஒரு வார்த்தை சொல்” என்றாள். மருமகனுக்கு வயது 20. கல்லூரியில் படித்துக்கொண்டே மாலை வேலை செய்து பணம் சேர்த்தவன். பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்பதை அறிந்து துடித்துக்கொண்டிருந்தான். ஆகவே ஊர் பார்க்கச் சென்ற எனக்கு வண்டி பார்க்கும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

சாலையின் கதை

1805-இல் டிட்ராயிட் தீக்கிரையாயிற்று. பின்னர் நகரத்தைப் புதிதாக வகுத்தவர் அகஸ்டஸ் உட்வர்ட் என்னும் நீதிபதி. சாலைக்கு அவர் பெயரே நிலைத்தது. 1909-இல் இச்சாலையில் ஒரு மைல் தூரம் சிமென்டுக் காங்கிரீட்டால் பாவப்பட்டது. நெடுஞ்சாலைக்குக் காங்கிரீட்டு இடுவது அந்நாளில் புதுமை. அடுத்த ஆண்டு இதே சாலையின் மேல் ஹைலண்டு பார்க் என்னும் இடத்தில் ஹென்றி போர்டின் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1913-இல் அங்கு ஓடும் வரிசை முறை வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்டப் பூட்டு வேலை ஏறத்தாழ ஒன்றரை மணியில் முடிந்தது. அங்குச் செய்யப்பட்ட ‘மாடல் டி’ வண்டியின் திறன் 20 குதிரை. இந்த 20 என்னும் எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1920-இல் வில்லியம் பாட்ஸ் என்னும் காவலர், நாற்சந்திக்குரிய மூவண்ண விளக்கை இச்சாலையில் நிறுவினார். சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களை அவர் இருப்புப்பாதைக் கைகாட்டி விளக்குகளிலிருந்து எடுத்துக்கொண்டார். சாலை நம்மிடம் பெற்ற கடன் இது என்று எண்ணி மகிழ்ந்தேன். அதே சாலை ரயிலை அவ்வளவாக மதிக்கவில்லை. இங்கு ஓடிய டிராம் வண்டிகள் 1956-இல் நிறுத்தப்பட்டன. 2017 முதல் நகர நடுவில் 3.3 மைல் மட்டும் புதிய டிராம் ஓடுகிறது. சிகாகோவிலிருந்து பான்டியாக் வரை வரும் ரயில்களும் நாளொன்றுக்குச் சிலவே.

மல்லர் பிறந்த கதை

புறநகரில் உட்வர்ட் சாலை எட்டு வரிசையாக விரிகிறது. நடுவே புல்வெளி. 1960-களில் இரவு வேளையில் இளைஞர்கள் இங்கு வண்டிகளைக் கொண்டுவந்து, ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்கு வரை பந்தயம் விட்டனர். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் பந்தயம் நின்றபாடில்லை. மோட்டார்க் கம்பெனிப் பொறியாளர்களும் புது வண்டிகளை ஓட்டி வந்து, எது முந்துகிறது என்று பார்த்ததுண்டு.

1964-இல் ‘பான்டியாக் ஜி.டி.ஓ.’ வந்தது. நடுத்தர அளவுள்ள வண்டியில் பெரிய வண்டிக்குரிய 6.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். திறன் 325 குதிரை. விலை இளைஞர் கைக்கு எட்டுவதாக இருந்தது. பிற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. இவ்வகை வண்டியை அந்நாட்டார் ‘மஸில் கார்’ என்பர். தசைக்கட்டு மிக்கது என்பது பொருள். நாம் மல்லர் வண்டி எனலாம்.

1970-களில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973-இன் எண்ணெய்த் தட்டுப்பாடும் மல்லர்களை ஒடுக்கின. அவர்கள் திரும்பி வர நெடுங்காலம் ஆயிற்று. வந்தபோது முன்னைவிடப் பன்மடங்கு பெருத்து வந்தனர். 2015 மாடலாக வந்த ‘டாட்ஜ் சாலஞ்சர் ஹெல்கேட்’ 707 குதிரை. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் சூப்பர்சார்ஜர் உடையது. 2018 மாடல் ‘டீமன்’ 808 குதிரை. பந்தய எரிபொருள் ஊற்றினால் 840. 2020-இன் ‘மஸ்டாங் ஷெல்பி ஜி.டி. 500’ 760 குதிரை. 2023-இல் வந்த ‘டீமன் 170’ எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரை! மாடல் டி வண்டிகள் ஐம்பதின் திறன் ஒரே வண்டியில். அவ்வாண்டு டிசம்பரோடு அந்தச் சாலஞ்சர் வண்டியின் உற்பத்தி முடிந்தது. ஆனால் விற்ற வண்டிகள் சாலையில் இருக்கின்றன. கைமாறுந்தோறும் விலை குறைந்து இளைஞர்களிடம் வந்து சேர்கின்றன.

திருவிழா நாள்

ஆகஸ்டு மாதத்து மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் வண்டித் திருவிழா. 1995-இல் பெர்ன்டேல் என்னும் சிற்றூரார், பிள்ளைகளின் கால்பந்துத் திடலுக்கு நிதி திரட்ட இதனைத் தொடங்கினர். இப்போது பல்லாயிரம் வண்டிகளும் பல இலட்சம் மக்களும் கூடுகின்றனர். நம் ஊர்த் தேரோட்டம் போலத்தான். தேர் ஒன்றல்ல, எண்ணற்றவை. மடக்கு நாற்காலிகளை ஓரப் புல்தரையில் போட்டுக்கொண்டு, பாட்டன் பாட்டியர் முதல் கைக்குழந்தை ஈறாகக் குடும்பம் குடும்பமாக அமர்ந்து காண்கின்றனர்.

அத்தான் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர், எழுபது கடந்தவர். அவரிடம் ஹெல்கேட் வண்டி ஒன்று உண்டு. என்னை முன்னிருக்கையிலும் மருமகனைப் பின்னிருக்கையிலும் அமர்த்திக்கொண்டு, பெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை ஓட்டிச் சென்றார்.

நான் எதிர்பார்த்தது சீறும் புலி; கண்டது சாதுவான பசு. கூட்ட நெரிசலில் நடை வேகத்தில் ஊர்ந்தது. எஞ்சின் சூடேறவில்லை, முரண்டவும் இல்லை. இருக்கை சுகமாக இருந்தது. குறைகளும் கண்டேன். கதவு மிக நீளம்; நெருக்கத்தில் இறங்குவது கடினம். பின்பக்கத் தூண் தடித்திருப்பதால் பின்னால் வருவது எளிதில் தெரிவதில்லை. ஊருக்குள் ஒரு காலன் பெட்ரோலுக்கு 13 மைல்தான். அதாவது லிட்டருக்கு ஐந்தரைக் கிலோமீட்டர்.

ராயல் ஓக் விளக்கருகே இளைஞன் ஒருவன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை உறும விட்டான். பெரியவர் புன்னகையோடு கையசைத்துவிட்டு, பச்சை விழுந்ததும் மெல்ல நகர்ந்தார். இளைஞனின் வண்டி பாய்ந்தது, அதன் பின்பக்கம் ஒரு கணம் பாம்பு போல் நெளிந்தது, பின் நேராயிற்று. நெளிந்த இடத்துக்கும், புல்தரையில் அமர்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த இரு குழந்தைகளுக்கும் இடையே பத்தடிக்கு மேல் இராது. கூட்டம் கைதட்டியது. மருமகனும் தட்டினான். நான் அக்குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

அன்றிரவு நானும் அத்தானும் தாளும் பென்சிலும் கொண்டு அமர்ந்தோம். புறநகரில் இச்சாலையின் வேக வரம்பு பெரும்பாலும் 40, 45 மைல். இரண்டு டன் எடையுள்ள அவ்வண்டி சமதரையில் 45 மைல் வேகத்தில் சீராக ஓட ஏறத்தாழ 15 குதிரை போதும். அதாவது, பழைய மாடல் டி எஞ்சினே ஏறக்குறைய அவ்வேலையைச் செய்துவிடும்.

வேகம் கூட்டும்போது திறன் வேண்டும், உண்மைதான். ஆனால் அங்கு எல்லையை வகுப்பது எஞ்சின் அன்று; டயரும் தரையும். எங்கள் ரயில் எஞ்சின் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுகிறோம். பந்தயத் திடலில் தரைக்குப் பிசின் தடவுகின்றனர். தெருவில் மணலும் இல்லை, பிசினும் இல்லை. பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் அவ்வண்டியின் சாதாரண டயர், 45 மைல் வேகத்தில் தரையைப் பற்றிக்கொண்டு செலுத்தக்கூடியது ஏறத்தாழ 300 குதிரைதான் என்று அத்தான் கணக்கிட்டார். எஞ்சிய 400 குதிரை வேக வரம்புக்குள் எதற்கும் உதவாது. உதவாமல் சும்மா இருந்தாலும் தாழ்வில்லை. கால் சற்று அழுந்தினால் டயர் பிடி விட்டு வழுக்கும். வழுக்கினால் பின்பக்கம் சுழலும். அஞ்சிச் சட்டென்று காலை எடுத்தால் மறுபக்கம் வீசும். கண்காட்சிகளிலிருந்து புறப்படும் வண்டிகள் கூட்டத்தின் மீது பாய்வது இவ்வாறுதான். டயரின் பிடி மழையில் குறையும். மிச்சிகன் குளிரிலோ கோடை டயர் கட்டை போல் இறுகிவிடும்.

வழுக்காவிட்டால் என்ன? டீமன் 170, பிசின் தடவிய திடலில் நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை 1.66 வினாடியில் எட்டும் என்று அதனைச் செய்தோர் அறிவித்தனர். ஆபத்தைக் கண்டு மனிதன் காலைப் பிரேக்குக்கு மாற்றுவதற்கே ஒன்று, ஒன்றரை வினாடி ஆகிறது. எண்ணம் எழுந்து முடியுமுன் வண்டி அறுபதைத் தொட்டுவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதும் மாறாத கணக்கு.

வியப்பான செய்தி ஒன்று. 2018 டீமன் வண்டி கால் மைலை 9.65 வினாடியில் கடப்பதால், பாதுகாப்புக் கூண்டு இல்லாத அதனைத் தம் பந்தயத் திடல்களில் விட முடியாது என்று அமெரிக்கப் பந்தயச் சங்கம் மறுத்துவிட்டது. திடலுக்கு ஆகாது என்று அன்று மறுக்கப்பட்ட அதே வண்டியை, எண் பலகை மாட்டிப் பள்ளிக்கூட வாசல் வழியாக ஓட்டிச் செல்லலாம்; சட்டத்தில் தடை இல்லை!

இரண்டு சாவிகள்

அடுத்த வீட்டுப் பெரியவர் எனக்குக் காட்டிய பொருள்களில் மனத்தில் நின்றவை இரண்டு சாவிகள். ஹெல்கேட் வண்டிக்குச் சிவப்புச் சாவி ஒன்று, கறுப்புச் சாவி ஒன்று. சிவப்புக்கு 707 குதிரையும் விழித்துக்கொள்ளும். கறுப்புக்கு 500 குதிரைக்கு மேல் எழாது. “தெருவுக்குக் கறுப்பு. சிவப்பு என் சமையலறை ஆணியில் தொங்கும், பந்தயத் திடலுக்குப் போகும் நாளில் மட்டும் எடுப்பேன்” என்றார் அவர். வண்டி தெருவுக்கு ஏற்றதா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஆணியில் இருந்தது. மறுபாதி அவருடைய ஐம்பதாண்டு அனுபவத்தில் இருந்தது.

நம் ரயில்வேயில் எவனும் முதல் நாளே மெயில் வண்டியை ஓட்டுவதில்லை. உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, மனத்திறன் தேர்வு எழுதி, ஷன்டிங், கூட்ஸ், பாசஞ்சர் என்று படிப்படியாக ஏறிய பின்னரே மெயில், எக்ஸ்பிரஸ் கைக்கு வரும். 6,000 குதிரைக்கு மேற்பட்ட மின்சார எஞ்சின் 24 பெட்டிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இழுக்கிறது. ஆளுக்கு ஆறு குதிரை. அதற்கே இத்தனை படிகள். சாலையிலோ ஓர் ஆளுக்கு ஆயிரம் குதிரையைப் பணம் கொடுத்தவுடன் ஒப்படைக்கின்றனர். நம் நாட்டிலும் கார் உரிமம் வண்டியின் எடையைப் பார்க்கிறது, திறனைப் பார்ப்பதில்லை. மூவண்ண விளக்கை இருப்புப்பாதையிடம் கடன் வாங்கிய சாலை, இந்தப் படிமுறையையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

மருமகனிடம் இதைத்தான் சொன்னேன். “வண்டி கூடாது என்று சொல்லவில்லை. முதலில் அம்மாவின் பழைய காரை ஒரு பனிக்காலம் முழுதும் ஓட்டு. பிறகு பந்தயத் திடலில் ஆசிரியரிடம் பழகு. அதன்பின் வாங்கு, கறுப்புச் சாவி உன்னிடம், சிவப்புச் சாவி அப்பாவிடம்.”

“மாமா, ரயில்வே விதிப்புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டீர்களே!” என்று சிரித்தான். மறுநாள் புல்தரையில் இருந்த குழந்தைகளைப் பற்றி அவனே பேச்செடுத்தான். தானும் கைதட்டியதை அவன் மறக்கவில்லை. பழைய ஹெல்கேட்டை வேறொருவர் வாங்கிக்கொண்டார். பனி பெய்யத் தொடங்கிய பின், வழுக்கும் சந்தியில் காரை நிதானமாக நிறுத்திய செய்தியைப் பெருமையோடு எனக்கு எழுதினான். பணம் வங்கியில் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இருக்கட்டும்.

2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மிகைவேகம் தொடர்புள்ள விபத்துகளில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர் 1,68,000-க்கு மேல். அவர்களுள் பத்தில் ஏழு பேர் மிகைவேகத்தால் மாண்டோர். மல்லர் வண்டிகள் நம்மிடம் மிகச் சிலவே. ஆயினும் முதற் சம்பளத்தோடு தவணையில் வாங்கும் பெரிய மோட்டார் சைக்கிளும் காரும் நம் சங்கத்துக் குடும்பங்களில் உண்டு. வார்தா சாலையில் மாலை வேளையில் நின்றால் அவற்றின் உறுமல் கேட்கும்.

பிள்ளைகள் வண்டி கேட்கும்போது விலையை விசாரிக்கிறோம், மைலேஜ் விசாரிக்கிறோம். எத்தனை குதிரை என்றும், அத்தனை குதிரையை அடக்கும் பயிற்சி இவனுக்கு எந்தப் படி வரை ஆயிற்று என்றும் சேர்த்து விசாரிப்போமாக. வண்டி மட்டும் நம்முடையது, தெரு எல்லாருடையது.