அத்தை பார்த்த கடல்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மல்லாங்கிணற்றில் நிழல் தேடுவதே ஒரு வேலை. சுற்றிலும் கரிசல் காடு. வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. "கொடைக்கானல் போவோம்" என்பாள் மகள். "ஊட்டி" என்பான் மகன். சென்ற மே மாதம் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமியார் தலை நிமிராமலே கேட்டார்:

"ஏத்தா, கடலு எம்புட்டுப் பெருசா இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. சிறு வயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போனவர், கண் மங்கும்வரை அதையே செய்தார். அவர் அடுக்கிய குச்சிகள் எந்தெந்த ஊருக்கோ போயிருக்கும். அவர் மட்டும் மதுரையைத் தாண்டியதில்லை. அன்று இரவே முடிவாகிவிட்டது: ராமேஸ்வரம், மூன்று நாள்.

புளிச்சோறு, எலுமிச்சை சாதம், சாத்தூர் காராச்சேவு, ஒரு குடம் தண்ணீர், அத்தையின் சர்க்கரை மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் வேனில் கிளம்பினோம். பரமக்குடி, இராமநாதபுரம் தாண்டி மண்டபம் வந்ததும் காற்றின் வாசனையே மாறிவிட்டது.

பாம்பன் பாலம்

சகோதரிகளே, ராமேஸ்வரம் ஒரு தீவு என்பதை நாம் மறந்தே போகிறோம். அதை ஞாபகப்படுத்துவது பாம்பன் பாலம்தான். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டி ஏறியதும், இரண்டு பக்கமும் பச்சையும் நீலமுமாகக் கடல் விரிகிறது. பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி மின்தூக்கி மாதிரி செங்குத்தாக மேலே போகும். 1914-இல் கட்டிய பழைய பாலமோ, நடுவில் இரண்டு கதவு போலப் பிளந்து உயர்ந்து வந்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடுவது நின்றுவிட்டது.

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குக் கரையே இல்லையா தாயி?" என்றார். அவ்வளவுதான். என்னவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோயிலும் தீர்த்தங்களும்

மறுநாள் விடியும் முன்பே எழுந்து, கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் அக்னி தீர்த்தக் கடலில் முழுகினோம். பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள். வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றும்போது பிள்ளைகள் போட்ட கூச்சலைச் சொல்லி முடியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களும், பிள்ளைக்கு இளைப்பு உள்ளவர்களும் எல்லாத் தீர்த்தமும் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். தரை வழுக்கும், வயதானவர்களை ஒருவர் கைபிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்று உடை கையோடு இருக்கட்டும்.

மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கிறது. மகன் எண்ண ஆரம்பித்து எழுபதிலேயே குழம்பிவிட்டான்.

பிள்ளைகளுக்குப் பிடித்தவை

பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் அவர்களின் வீடு. அவர் பிறந்தது 1931-இல். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை ராக்கெட் விட்ட கதையைப் புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த வீட்டின் படியேறிப் பார்ப்பது வேறு. பேய்க்கரும்பில் 2017-இல் திறந்த அவருடைய நினைவிடமும் இருக்கிறது. என் மகள் அங்கிருந்து வரவே மறுத்தாள்.

தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம். சுற்றிலும் உப்புக் கடல், நடுவில் ஒரு கிணறு; அதில் நல்ல தண்ணீர்! நம்பாமல் வாயில் விட்டுப் பார்த்த அத்தை, "நம்மூருத் தண்ணிய விட ருசியால்ல இருக்கு" என்றார். பாம்பன் பக்கம் குந்துகால் என்றொரு அமைதியான இடம். 1897-இல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கியது அங்கேதான். நினைவு மண்டபம் இருக்கிறது. மாலை வேளையில் பிள்ளைகளை விட்டுவிட்டு நாம் காலை நீட்டி உட்காரலாம்.

மீன் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் இனப்பெருக்கக் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கோடை விடுமுறையில் போனால் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைத்தான் பார்க்கலாம்.

தனுஷ்கோடி

மூன்றாம் நாள் தனுஷ்கோடி. ஒரு காலத்தில் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போயிற்று. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊரே அழிந்தது. பயணிகளோடு வந்த ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. இடிந்த தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. போகும் வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயில் அந்தப் புயலிலும் தப்பியது. 2017-இல் சாலை வந்தபிறகு அரிச்சல்முனை வரைக்கும் வண்டியிலேயே போய்விடலாம். ஒரு பக்கம் அடங்கிக் கிடக்கும் பெண்கடல், மறுபக்கம் குமுறும் ஆண்கடல் என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். இரண்டும் சேருகிற இடத்தில் நீரோட்டம் பொல்லாதது. குளிக்க இறங்கவே கூடாது. பிள்ளைகள் கை நம் கையில் இருக்க வேண்டும்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். காலையில் சீக்கிரம் கிளம்பாமல், பிள்ளைகள் தூங்கட்டும் என்று விட்டேன். அரிச்சல்முனை சேரும்போது உச்சி வெயில். ஒதுங்க நிழல் இல்லை. அத்தை வேனிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டார்.

"கடலாத்தா முன்னாடி செருப்போடயா நிக்கிறது?"

நானும் சரி என்றேன். பிள்ளைகளோ மணலில் கால் வைத்ததும் "ஐயோ, சுடுது" என்று குதித்து ஓடிச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். அத்தை மட்டும் நிதானமாக நடந்து போய், கடலைப் பார்த்துக் கைகூப்பி வெகு நேரம் நின்றார். "பாட்டிக்கு என்ன பக்தி!" என்று பக்கத்தில் ஒரு அம்மாள் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் விடுதியில் மகள்தான் கூப்பிட்டாள். "அம்மா, அப்பத்தா காலுல தண்ணிக் கொப்புளம்!"

இரண்டு உள்ளங்காலிலும் பெரிய பெரிய கொப்புளங்கள். ஒன்று உடைந்து விரிப்பில் ஈரம். அத்தைக்கு அதுவரை தெரியவே இல்லை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் பற்பசை தடவச் சொன்னார். அத்தையோ, "தீப்பெட்டி ஆபீசுல பேனா மையத்தான் ஊத்துவோம்" என்றார். எதையும் தடவாமல், நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான மெல்லிய துணியைச் சுற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா காயத்துக்குக் கட்டுப் போட்ட பிறகு, அத்தையைக் கண்ணை மூடச் சொல்லி, காயம் இல்லாத இடங்களில் ஒரு மெல்லிய நரம்பு நூலால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா பாட்டி?" என்று கேட்டார். பாதி இடத்தில் அத்தை பதிலே சொல்லவில்லை. தொட்டதே தெரியவில்லை! சர்க்கரை பல வருஷம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் பாதத்து நரம்புகள் உணர்வை இழந்துவிடுமாம். சுடுவதும் தெரியாது, முள் குத்துவதும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னப் புண்ணே ஆறாமல் விரலை எடுக்கும்வரை போய்விடுமாம்.

"எத்தனை நாளா மரத்துப் போச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு வருசமா. பஞ்சு மேல நடக்கிறாப்புல இருக்கும். சொன்னா கடலுக்குக் கூட்டிப் போகமாட்டாகன்னு இருந்துட்டேன்."

மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன், காப்பியில் சர்க்கரை போடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கர்வப்பட்டவள் நான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் காலைத் திருப்பிப் பார்த்ததில்லை.

புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வாதீனம்.

வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால், சகோதரிகளே, தினம் இரவு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், வீட்டுக்குள்ளும்தான். செருப்பை மாட்டுமுன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். வெந்நீரில் கால் வைப்பது கூடாது. வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். யாருக்குச் சுட்டாலும் உடனே இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், மை, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். தனுஷ்கோடிக்கு விடியற்காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் அப்பத்தாவின் கால் பார்ப்பது மகளின் வேலை. தினம் இரவு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாஸ்!" என்பாள். நேற்று அப்படிப் பார்த்து முடித்ததும் அத்தை மெல்ல என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அடுத்த லீவுக்கும் கடலுக்குப் போவமா? இந்தத் தடவ செருப்போடயே நின்னு கும்பிடுறேன். அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."