மாதுளையை உரிப்பது வீண் சிரமமா?

மாதுளம்பழம் வாங்கி வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். "உரிக்க அரை மணி, தின்ன அரை நிமிஷம். இதுக்கு ரெண்டு வாழைப்பழம் தேவலை" என்பது என் கணவர் கட்சி. "மாதுளை சாப்பிட்டா ரத்தம் ஊறும். சிரமம் பார்த்தா முடியுமா?" என்பது மாமியார் கட்சி. உரிப்பவள் என்னவோ நான்தான்! ஆகவே என் அபிப்பிராயத்தையும் சொல்லி விடுகிறேன்.

முதலில் சிரமத்தைப் பற்றி. பழத்தைக் குறுக்கே வெட்டினால் முத்துக்கள் நசுங்கி, சாறு புடவையெல்லாம் தெறிக்கும். அந்தக் கறை லேசில் போகாது. காம்புக்கு எதிர்ப்புறம் கிரீடம் போல இருக்கிறதே, அதைச் சுற்றி மேல்தோலை மட்டும் கத்தியால் கீறி, மூடி போல எடுத்து விடுங்கள். உள்ளே வெள்ளைத் தடுப்புகள் தெரியும். அவை இருக்கும் இடம் பார்த்து, மேலிருந்து கீழாகத் தோலைக் கீறிப் பிளந்தால் துண்டு துண்டாகப் பிரிந்து வரும். ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து விரலால் உதிர்த்தால் முத்துக்கள் அடியில் தங்கும். வெள்ளைத் தோல் மிதக்கும். கை பழகிவிட்டால் பத்து நிமிஷ வேலைதான்.

இனி, ரத்தம் ஊறும் சங்கதி. என் மூத்த பெண் தலைப்பிரசவத்துக்கு முன் ஐந்தாம் மாதத்தில் எங்களிடம் வந்து தங்கினாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 தான். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாதாம். டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலு நாள் சாப்பிட்டாள். "வாந்தி வர்ற மாதிரி இருக்கும்மா" என்றாள். "மாத்திரை தின்னா குழந்தை கறுத்துப் போகும். தினம் ஒரு மாதுளை குடு, போதும்" என்றார் மாமியார். பெண்ணும் அதையே பிடித்துக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவளை டாக்டரிடமே அழைத்துப் போனேன். அவர் கோபப்படாமல் கணக்குப் போட்டுக் காட்டினார். 100 கிராம் மாதுளை முத்தில் இரும்புச் சத்து ஏறக்குறைய 0.3 மில்லிகிராம். கர்ப்பிணிக்குத் தினமும் 25 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். அரசாங்கம் இலவசமாகத் தரும் மாத்திரை ஒன்றிலேயே 60 மில்லிகிராம் இருக்கிறது. கேழ்வரகுகூட இந்த விஷயத்தில் மாதுளையை விடப் பல மடங்கு மேல். "குழந்தையோட நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கோ. காபி, டீயோட மட்டும் வேண்டாம்" என்றார். அப்படியே செய்தாள். குமட்டல் குறைந்தது. இரண்டு மாதத்தில் 11-ஐத் தொட்டுவிட்டது. மாமியாரும், "பரவாயில்லையே!" என்று ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் மாதுளை வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நூறு கிராமில் சுமார் 4 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. மலச்சிக்கலால் அவதிப்படும் கர்ப்பிணிகளுக்கு நல்லது. வைட்டமின் சி-யும் ஓரளவு உண்டு. ஜூஸ் பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும். முத்தாகவே மென்று தின்பதுதான் சரி. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முழு முத்தாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். மசித்து, வடிகட்டிக் கொடுங்கள். கைப்பணம் குறைவாக இருந்தால், மாதுளை வாங்க முடியவில்லையே என்று எந்தத் தாயும் ஏங்க வேண்டாம். கொய்யாவில் இதைவிட வைட்டமின் சி அதிகம், உரிக்கவும் வேண்டாம்!

இன்னொன்று. கிண்ணம் கிண்ணமாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தோலில் ஒட்டிய நாலு முத்தை வாயில் போட்டுக்கொள்வதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். கர்ப்பிணிக்கு மட்டுமா ரத்தம் குறைகிறது? மாதவிலக்கு நிற்காத வயதில் நமக்கும்தான். இப்போது நான் உதிர்க்கும்போதே எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுகிறேன். உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு முத்தாகத் தின்கிறேன்.

மருந்து என்று நினைத்து உரித்தால் மாதுளை ஏமாற்றும். பழம் என்று நினைத்து உரியுங்கள். உரித்த கைக்கும் பங்கு வையுங்கள். அப்போது அந்தப் பத்து நிமிஷம் வீண் இல்லை, சகோதரிகளே!