மின்சாரம் திரும்பும் வழி

பழைய வண்டியின் மின்கோளாறுகளைப் போல மனிதனுடைய அனுமான சக்தியைச் சோதிப்பவை வேறு சிலவே. எஞ்சினிலோ சில்லிலோ உண்டாகும் பழுது, சத்தத்தாலோ எண்ணெய்க் கசிவாலோ தன் இருப்பிடத்தை ஏறக்குறையத் தானே சொல்லிவிடுகிறது. மின்சாரத்தின் பழுதோ ஓரிடத்தில் குடியிருந்துகொண்டு மற்றோரிடத்தில் முகங்காட்டும் சுபாவம் உடையது. தருக்க நூலார் மலையிலே புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பார்கள். வண்டியின் வயர்களிடையே புகையைக் கண்ட பிறகு அனுமானத்துக்கு அவகாசமில்லை, பற்றறியின் முனையைக் கழற்றவே ஓடவேண்டும். ஆகையால் புகை தோன்றுமுன்பே விசாரணையைத் தொடங்கிவிடுவது விவேகம்.

என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர் பிக்அப். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் கார் 1948இல் வெளிவந்தது. அதன் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் தனிச் சேசியும் திறந்த தட்டும் அமைத்த பிக்அப் 1953 முதல் விற்பனைக்கு வந்தது. என்னுடையது வெங்காயமும் புகையிலையும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கு ஓடியே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தது. யுத்தகாலப் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருமையாகிப்போன தொண்ணூறுகளில், சிறிது பெற்றோல் காட்டி எஞ்சினைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளின் வரிசையில் இதுவும் ஒன்றாய் இருந்தது. ரோச் பற்றறிகூட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வரமுடியாதிருந்த அந்நாளிலே, சைக்கிளின் மிதியைக் கையால் சுழற்றி, அதன் டைனமோவில் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் எங்களூரார். வோல்ற், அம்பியர் என்பவை அவர்களுக்குப் பாடப்புத்தகத்து வார்த்தைகள் மாத்திரம் அல்ல.

மைனரின் மின்கருவிகள் லூக்காஸ் நிறுவனத்தவை. அந்நிறுவனத்தின் ஸ்தாபகரை 'இருளின் இளவரசர்' என்று ஆங்கிலேய வண்டிக்காரர்களே பரிகாசம் செய்வது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அது அநியாயமான பரிகாசம். ஒவ்வொரு வயருக்கும் ஒரு வர்ணத்தை ஒழுங்காக நியமித்து வைத்த உபகாரத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். பற்றறியிலிருந்து எப்போதும் உயிரோடிருக்கும் வயர் மண்ணிறம், சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது வெள்ளை, அதே மின்சாரம் பியூஸைக் கடந்தபின் பச்சை, தலைவிளக்குக்கு நீலம், பின்விளக்குக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. இந்த ஒழுங்கை அறிந்தவனுக்கு வயர்க்கட்டு வாசிக்கத் தகுந்த ஒரு சாசனம் ஆகிவிடுகிறது. அறியாதவனுக்கோ அது வெறும் நூற்சிக்கு. பருத்தி நூல் சுற்றிய பழைய வயர்களில் மண்ணிறமும் சிவப்பும் காலத்தால் ஒரே புழுதி நிறமாகிவிடுமென்பதும், இடையில் வண்டியை வைத்திருந்தவர்கள் கைக்கு அகப்பட்ட நிறத்து வயரைச் செருகிச் சாசனத்தில் இடைச்செருகல் செய்திருப்பார்களென்பதும் வேறு கதை. வண்டி முழுவதற்கும் இருப்பது இரண்டே பியூஸ். அவையும் தலைவிளக்கைக் காப்பதில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய மின்வேலைக்காரர் ஒருவர், நான் மீற்றரும் கையுமாக பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்ரர், கரண்ட் போற வழியை எல்லாரும் பாப்பினம், அது திரும்பி வாற வழியை ஒருத்தரும் பாக்கிறேல்லை." வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர்தான் போகிறது; மின்சாரம் பற்றறிக்குத் திரும்பவேண்டிய பாதை, இரும்பு உடலே. அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகளில் பெரும்பாலானவற்றைப் போல, மைனரில் உடலோடு பிணைக்கப்பட்டிருப்பது பற்றறியின் நேர்முனை என்பதால், போவதும் வருவதும் எது எது என்று தர்க்கிக்க இடமுண்டு. ஆயினும் பெரியவருடைய வார்த்தையின் தாற்பரியம் அதனால் குறைவதில்லை. கடற்காற்றின் உப்பு ஓயாமல் படியும் ஊரிலே, முதலில் அழிவது செம்புக் கம்பியன்று; அக்கம்பியின் நுனி இரும்பைச் சந்திக்கும் அந்த ஒரு சதக்காசு அகலமான இடமே.

இதற்கு என் வண்டியின் பின்விளக்கே சாட்சி. இரவிலே விளக்கைப் போட்டால் இரண்டு பக்கமும் எரியும். பிறேக்கை மிதித்தாலோ இடப்பக்க விளக்கு, பிரகாசமாக எரியவேண்டிய அத்தருணத்திலே, அடியோடு அணைந்துபோகும். பல்பை மாற்றினாலும் அதே விநோதம். பிறேக் சுவிச்சிலும் குற்றமில்லை. ஒரே பல்புக்குள் பின்விளக்குக்கு ஓர் இழையும் பிறேக்குக்கு ஓர் இழையும் இருக்கின்றன. இரண்டும் எர்த்துக்கு ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்பாதை துருவினால் அடைபட்டபோது, வரம்புடைந்த வாய்க்கால் நீர் அயல் பாத்திக்குள் புகுவதுபோல, பின்விளக்கு இழையின் மின்சாரம் பிறேக் இழைக்குள் புகுந்து, அதன் வயர் வழியே மறுபக்கத்து விளக்கை அடைந்து, அங்கே எர்த்தைத் தேடிக்கொள்கிறது. ஆகவே விளக்கு எரிகிறது, நாமும் குறையொன்றுமில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். பிறேக்கை மிதித்ததும் அந்த வயரிலும் பற்றறியின் அழுத்தம் வந்துவிடுகிறது. இரு புறத்திலும் சமமான அழுத்தம் நிற்குமிடத்தில் பிரவாகம் ஏது? விளக்கு அணைகிறது. விளக்குக் கூட்டின் போல்ற்றைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளையாய்த் தெரிந்தபின் முறுக்கியதும் எல்லாம் சீராயின. இவ்வளவு நுட்பமான புதிருக்கு இவ்வளவு அற்பமான பரிகாரமா என்று எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஸ்ராட்டரின் விஷயம் இதனினும் சுவையானது. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேசிக்கும் இடையே பின்னிய செம்புப் பட்டை ஒன்று பாலமாகிறது. அது அறுந்தால் ஸ்ராட்டரின் மின்சாரம் சோக் கேபிளின் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்ராட்டர் முனகுகிறது, சோக் குமிழ் கையைச் சுடுகிறது என்று ஒருவர் சொன்னால், கார்புரேற்றரைக் கழற்றாமல் வண்டிக்கு அடியில் படுத்துப் பட்டையைப் பார்க்கவேண்டும்.

இங்கே மீற்றரை நம்புவதிலும் ஒரு பக்குவம் தேவை. பட்டையின் இழைகள் ஏறக்குறைய எல்லாம் அறுந்து ஒன்றிரண்டே மிஞ்சினாலும், தடையை அளக்கும் மீற்றர் அதைக் குறையற்றதென்றே காட்டும். அது அனுப்பிப் பார்ப்பது அணுவளவு மின்சாரம். ஓம் 1827இல் வெளியிட்ட விதியின்படி, ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கான தடையும், 150 அம்பியர் பாயும்போது மூன்று வோல்ற்றை விழுங்கிவிடும். பன்னிரண்டில் மூன்று போனால் ஸ்ராட்டர் முனகாமல் என்ன செய்யும்? ஆகவே பாரத்தைச் சுமக்கவைத்தே அளக்கவேண்டும். மீற்றரை வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைப் பற்றறியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சினின் வெற்றிரும்பிலும் பிடித்துக்கொண்டு, ஸ்ராட்டரை இழுக்கச் சொல்லவேண்டும். ஊசி அரை வோல்ற்றுக்கு மேல் எழுந்தால் குற்றவாளி அந்த இரண்டுக்கும் இடையிலேதான் இருக்கிறான். விலை கொடுத்துப் புதுப் பற்றறி வாங்கிப் போட்டபின்னும் முனகும் வண்டிகள் எத்தனையோ. அளக்காமல் மாற்றுவதை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

டைனமோவுக்கு வருகிறேன். அதன் சிவப்பு எச்சரிக்கை விளக்கு, ஒரு புறம் பற்றறியையும் மறுபுறம் டைனமோவையும் தொட்டு நிற்பது. இரண்டின் அழுத்தமும் சமமானதும் அணைகிறது. எஞ்சின் வேகமாக ஓடும்போதும், இருட்டில் மாத்திரம் தெரியுமளவு அது மங்கலாய் மினுங்கினால், இரண்டையும் இடையில் நின்று தொடுத்தும் துண்டித்தும் வைக்கும் கட்-அவுட்டின் முனைகளோ இணைப்புகளோ அழுக்கேறிவிட்டன என்பது பெரும்பாலும் நிச்சயம். டைனமோ தன் இரும்பிலே தங்கிய பழைய காந்தத்தைக் கொண்டுதான் முதல் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. நெடுநாள் ஓடாதிருந்து அக்காந்தம் மங்கிவிட்டாலோ, வேறு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டினாலோ, பற்றறியின் உயிருள்ள முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, அதன் காந்தச் சுருளின் முனையிலே கணநேரம் தொட்டு, திசையை ஞாபகப்படுத்தவேண்டும். நன்றாயிருந்த டைனமோக்கள் இச்சிறு சடங்கு தெரியாமையால் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன.

பெற்றோல் மானி ஒன்றுதான் இன்னும் வசப்படவில்லை. வயர் சரி, எர்த் சரி. தொட்டிக்குள் மிதவையோடு சேர்ந்த தடைச்சுருள் தேய்ந்திருக்கவேண்டும். தொட்டியை இறக்காமல் அதை நெருங்க மனமில்லாததால், அந்த வேலையை மாரிக்குப் பின்னர் என்று தள்ளிவைத்து, இப்போதைக்கு மைல் கணக்கை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.