இருபதுக்குக் கீழே

கோவை சத்தி ரோட்டில் கணபதி தாண்டி, ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பட்டறை. கியர்பெட்டி வேலைக்கென்றே வண்டிகள் வரும் இடம். நான் போன காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கியர் தானாகவே மாறும் தன் ஏஎம்டி காரைக் கொண்டுவந்திருந்தார். "அறுபதுல அம்சமாப் போகுதுங்க. சிக்னல்ல ஊர்ந்தா மட்டும் உதறுது. வீட்ல ஏறவே மாட்டேங்கிறாங்க" என்றார்.

பட்டறைக்காரரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏசியைப் போட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் தெருவைச் சுற்றினார். உதறல் வந்ததும் நியூட்ரலுக்குத் தள்ளினார். நியூட்ரலிலும் வண்டி நடுங்கினால் குற்றம் இன்ஜினில். நின்றுவிட்டால் கிளட்ச் பக்கம். அன்று நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. "ரெண்டு பக்கமும் இருக்குதுங்க சார்" என்றார். அதைச் சொல்ல அவருக்குத் தேவைப்பட்டது பாதமும் இடுப்பும்தான்.

கிளட்ச் பெடல் இல்லாததால் கிளட்சே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இந்தியாவில் 2014இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டியில் உள்ளே இருப்பது பழைய மேனுவல் கியர்பெட்டியும் உலர் கிளட்ச் பிளேட்டும்தான். நம் இடது காலுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தமோ மின்மோட்டாரோ அதை அழுத்தி விடுகிறது. வழக்கமான ஆட்டோமேட்டிக்கான டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது. கப்பல்களுக்காக ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. எண்ணெய் வழுக்கிக் கொடுப்பதால் ஊர்வது அதற்கு இயல்பு. ஏஎம்டியிலோ ஊரும் ஒவ்வொரு அடியும் பாதி கிளட்ச். பிளேட் உரசித்தான் வண்டி நகர வேண்டும்.

அண்ணா இன்ஜினிலிருந்து தொடங்கினார். த்ராட்டில்பாடியைக் கழற்றியதும் வாயைச் சுற்றி வளையமாகக் கரி. ஐடிலில் அதற்குள் காற்றை விடும் தகடு மயிரிழை அளவே திறந்திருக்கும். அந்த இடைவெளியில்தான் கரி படிகிறது. காற்று போதவில்லை என்று கம்ப்யூட்டர் தகட்டை இன்னும் கொஞ்சம் திறக்கிறது. அப்புறம் ஆக்சிலேட்டரில் கால் பட்டாலே வண்டி குதிக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் தகடு கூடுதலாகத் திறந்திருப்பதால் இந்தக் கரி தெரியவே தெரியாது. உதவிக்கு நிற்கும் பையன் ஸ்ப்ரே அடித்துத் துணியால் துடைக்கும்போது, "தகட்டைக் கையால நெம்பாத, உள்ள பல்சக்கரம் போயிரும்" என்று அண்ணா எச்சரித்தார்.

அடுத்தது இன்ஜின் மவுண்ட். பையன் பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுக்க, அண்ணா பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு சாய்கிறதென்று பார்த்தார். ஒரு மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தது. அதை மாற்றினார்கள்.

ஸ்கேனர் கடைசியில்தான் வந்தது. எனக்கு இந்த வேலையின் உயிரே இந்த வரிசைதான் என்று பட்டது. கிளட்ச் பிளேட் தேயத்தேய அது பிடிக்கும் இடம் நகர்ந்துகொண்டே போகும். புது இடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க ஸ்கேனரில் கட்டளை உண்டு. கிளட்சை மெதுவாக விட்டு எங்கே பிடிக்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். ஆனால் ஐடில் தள்ளாடும்போது அதைச் செய்தால் தப்பான பாடத்தைப் படித்துக்கொள்ளும். பல இடங்களில் பத்து நிமிடத்தில் ஸ்கேனரை மாட்டிக் கழற்றி அனுப்பிவிடுகிறார்கள். உதறல் ஒரு வாரத்தில் திரும்பி வரும். அடுத்து கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்வார்கள். த்ராட்டிலுக்குப் புதிய அளவு பதிந்து, இன்ஜின் சூடேறி, ஐடில் முள் அசையாமல் நின்ற பிறகே அண்ணா அந்தப் பொத்தானை அழுத்தினார்.

பிறகு காந்திபுரம் நெரிசலில் ஓட்டிப் பார்த்தோம். பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பியபோதும் வண்டி முனகவில்லை. ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது சின்னத் தலையாட்டல் மட்டும் இருந்தது. அது ஏஎம்டியின் பிறவிக்குணம், போகாது என்று அண்ணா முன்பே சொல்லியிருந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பட்டறைக்குத் திரும்பியபோது ஓர் இளைஞர் காத்திருந்தார். இன்ஜின் மென்பொருளின் மேப்பை மாற்றினால் ஜெர்க் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். "வண்டிக்குச் சீக்கு இருக்கறப்ப மேப் மாத்துனா சீக்குதான் வேகமா ஓடும் தம்பி" என்று அண்ணா மறுத்துவிட்டார். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்த பிறகு புகைக் கட்டுப்பாட்டோடு பின்னிக் கிடக்கிறது அந்த மென்பொருள். விளையாட்டுக்குத் தொடக்கூடியதில்லை என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

என்னை உறுத்தியது பில். மவுண்ட், ஸ்ப்ரே, ஸ்கேனர் கட்டணம் எல்லாம் இருந்தன. வெறுங்காலோடு தெருவைச் சுற்றிக் குற்றத்தைப் பிரித்தறிந்த நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "பார்ட்டுக்குக் காசு குடுப்பாங்க, பாத்ததுக்கு யார் குடுப்பாங்க?" என்கிறார். இதனால்தான் தேவையில்லாத பாகத்தை மாற்றும் பட்டறைகள் பிழைக்கின்றன, தேடிக் கண்டுபிடிப்பவர்கள் திணறுகிறார்கள். 'சோதனை ஓட்டம்' என்று தனியே ஒரு கூலி எழுதப்பட வேண்டும். நாமும் பேரம் பேசாமல் அதைக் கொடுக்க வேண்டும். அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவருக்குத் தயக்கம். பையன்தான் பில் புத்தகத்தை எடுத்து, அடுத்த வண்டிக்கு எவ்வளவு போடலாம் என்று கேட்டான்.