குடா போன வம்பு

அடியே,

உன் தெரு வம்பு நாலு பக்கம் எழுதியிருந்தாயே, பதிலுக்கு என் வம்பு இதோ. அண்டார்டிகா வம்பு. சிரிக்காதே.

பேரனுடைய அட்லஸில், ராஸ் பனித்தட்டின் கிழக்கு ஓரத்தில் 'திமிங்கில விரிகுடா' என்று ஒரு சின்ன வளைவு. பெயர் வைத்தவர் ஷேக்கில்டன், 1908 ஜனவரியில். மனுஷர் தேடிப்போனது வேறு இடம். 1902இல் ஸ்காட் பலூனில் ஏறிப் பார்த்த பனிக்குடா ஒன்று அந்தப் பக்கம். அங்கேதான் தங்குவதாக உத்தேசம். போய்ப் பார்த்தால் குடாவையே காணோம்! கரை உடைந்து கடலோடு போயிருக்கிறது. அந்த இடத்தில் அகலமாக ஒரு குடா, அது கொள்ளாத திமிங்கிலங்கள். வேறென்ன பெயர் வைப்பார்?

இனிமேல்தான் சுவாரசியம். ஸ்காட்டின் பழைய இடமான மக்மர்டோ பக்கம் இறங்கமாட்டேன் என்று ஸ்காட்டுக்கு எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் இப்படி உடைகிற பனிமேல் ஆட்களை இறக்க மனசு வரவில்லை. கிழக்கே போகலாமென்றால் கடல்பனி வழிமறித்தது. கடைசியில் மக்மர்டோவிலேயே போய் இறங்கினார். ஸ்காட்டுக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டுமா? நான் ஷேக்கில்டன் கட்சி.

நார்வேக்காரர் அமுண்ட்சென் இருக்கிறாரே, அவர் 1911இல் வந்து அதே குடாவில் வீடே கட்டிவிட்டார். 1841இல் ராஸ் பார்த்த வளைவு இன்னும் இருக்கிறதே, அடியில் நிலம் இருக்கும் என்று கணக்கு. பாதிக் கணக்குதான் சரி. நிலம் உண்டு, வீட்டுக்கு அடியில் இல்லை. தெற்கே, பனிக்குள் புதைந்த ரூஸ்வெல்ட் தீவு. 1934இல் பேர்ட் கண்டுபிடித்தது. ஆற்று நடுவே பாறை நின்றால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, பாறைக்குப் பின்னால் ஒரு வளைவு விழுமே, பனியும் அப்படித்தான்.

அமுண்ட்சென் வந்த அந்த 1911 பிப்ரவரியில் ஸ்காட்டின் கப்பல் குடாவுக்குள் நுழைந்தால், எதிரே அமுண்ட்சென் கப்பல்! சண்டை எதுவும் இல்லையாம். இவர்கள் அங்கே போய்க் காலைப் பலகாரம், அவர்கள் இங்கே வந்து மதியச் சாப்பாடு. விருந்தாளிகள் போனதும் நார்வேக்காரர்களுக்கெல்லாம் ஜலதோஷம்.

1987இல் 150 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பனிப்பாளம் ஒன்று உடைந்து கிளம்பியது. பி-9 என்று அதற்குப் பெயர். திமிங்கில விரிகுடாவும் அதோடு போயிற்று. அட்லஸ்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சரி, உன் மாடி வீட்டுக்காரி கடைசியில் காலி பண்ணினாளா இல்லையா? அதை எழுதாமல் முடித்துவிட்டாயே!