மேலகரத்தில் ஓர் அலுவலகம்

மத்தளம்பாறையில் 2011இல் சோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கிய பிறகு, தென்காசிக்காரர்களுக்கு 'ஐ.டி. ஆபீஸ்' என்பது பெங்களூருக்கு ரயிலேறிப் போய்ப் பார்க்கிற பொருளாக இல்லாமல் போனது. ஆனால் ஏழு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு சின்ன அலுவலகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், இப்போதும் ஒரே பதில்தான்: முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி, உள்ளே ஃபால்ஸ் சீலிங், ரெண்டு ஏசி. 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' என்று சேர்த்துக் கேட்டால் மொட்டை மாடியில் சோலாரும் வாசலில் நாலு பூந்தொட்டியும் கூடுதலாக வரும்.

எங்களுக்குப் புத்தக வடிவமைப்பும் மொழிபெயர்ப்பும் தொழில். இடம் தேடியபோது, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரத்தில் என் பெரியப்பாவின் ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். பெரியப்பா வீட்டை இடித்துக் கடை கட்டுகிற முடிவில் இருந்தார். "ஏல, நாலு கடை போட்டா மாசாமாசம் வாடகை வரும்லா. இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. ஆகவே எங்கள் வடிவமைப்பின் முதல் வேலை வரைபடம் அல்ல, கணக்கு. நாலு கடை வாடகைக்கு எவ்வளவு பக்கத்தில் எங்களால் போக முடியும்? மூன்று வருடத்துக்கு எழுதிக்கொண்டோம்.

இடிக்க வேண்டாம் என்று நான் நின்றதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. இந்த வீட்டின் செங்கலும் சுண்ணாம்பும் தேக்கும் தங்கள் கணக்கை என்றோ தீர்த்துவிட்டவை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால், மேலே எத்தனை சோலார் பலகை வைத்தாலும் அந்தக் கட்டடம் கடனோடுதான் பிறக்கும்.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிற ஊர் இது. ஆனி, ஆடியில் தென்காசிப் பெரிய கோயில் கோபுர வாசலில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் தார்சா, பட்டாசல், முற்றம், இரண்டாங்கட்டு, புறவாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தன. நாங்கள் கேட்ட கண்ணாடித் தடுப்புகளைக் கொத்தனார் ஒரே பேச்சில் முடித்தார்: "காத்துக்கு ஒரு வாசல் போதாது தம்பி. வர ஒண்ணு, போக ஒண்ணு வேணும்." தடுப்பே வைக்கவில்லை. மேசைகளை முற்றத்தைச் சுற்றிப் போட்டோம். ரசிகமணி டி.கே.சி.யின் இலக்கியக் கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்ததே திருநெல்வேலியில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டால்தான். பேசுவதற்கு அதைவிட நல்ல மீட்டிங் ரூம் எனக்குத் தெரியாது.

கழிப்பறைக்கு மட்டும் புதுச்சுவர் தேவைப்பட்டது. செங்கோட்டை தாண்டி மலையிறங்கினால் வருகிற திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமானத்தில் கட்டினோம். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி உள்ளே வெற்றிடம் விடுகிற முறை. நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெக்கையையும் தடுக்கும். "உள்ள பொந்து விட்டுக் கட்டச் சொல்லுதீயளே" என்று கொத்தனார் கடைசி வரை சந்தேகத்தோடுதான் கட்டினார்.

பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். எட்டு விசிறி, ஒன்பது மணி நேரம் என்று போட்டால் நாளொன்றுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஓட்டுத் தண்ணீரை முற்றத்தில் பிடித்து, வடிகட்டி, புறவாசல் கிணற்றுக்கே விட்டோம். இதற்கெல்லாம் பெரிய முதலீடு இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில். சாரல் காலத்தில் பிழை திருத்தத் தாள்கள் அப்பளம் மாதிரி நெளியும். பிளாஸ்டிக் பெயிண்ட் ஈரத்தைப் பூட்டி வைத்துப் பொரிந்துவிடும் என்பதால் சுண்ணாம்புதான் அடித்தோம். அது எல்லோர் சட்டையிலும் ஒட்டியது. சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு ஓட்டுக்கடியில் தத்துவம் பேச முடியாது. ஓர் அறையில் ஏசி போட்டு 24இல் வைத்திருக்கிறோம். யாருக்கு முடியவில்லையோ அவர்கள் அங்கே போய் உட்காரலாம்.

ஒரு நாள் பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருந்த ஒருவர் வந்தார். தார்சாவில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் எங்க தம்பி?" என்றார். அந்த வேலை எங்களுக்கு வரவில்லை. கரன்ட் பில்லில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு அதில் போயிருக்கும். பசுமை அலுவலகத்தின் செலவை எழுதும்போது இந்த வரியையும் சேர்த்து எழுத வேண்டும்.

வருகிற தை மாதம் ஒப்பந்தம் முடிகிறது. பெரியப்பாவின் கடனில் பாதி அடைந்திருக்கிறது, பாதி நிற்கிறது. எதிர்வீட்டை இடித்து மூன்று மாடி எழும்பிவிட்டது. அவர் அதையும் பார்க்கிறார், எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காற்றும் வாங்குகிறார். பதில் சொல்வதில்லை. உடைந்த ஓடுகளை நாங்களே மாற்றிவிடுகிறோம், வாடகையும் கூட்டித் தருகிறோம், இன்னும் ஐந்து வருடம் கொடுங்கள் என்று கேட்கப்போகிறோம். கூட்டித் தர வேண்டிய அந்தத் தொகைக்கு இந்த வருடம் இன்னும் நாலு புத்தக வேலையாவது பிடிக்க வேண்டும்.